மேலே காட்டிய அம்பு

எங்க ஊர் ஆரணி. ஊரே பட்டுத்தறி. கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்பதால் வீட்டில் எனக்கு ஒரு வேலை உண்டு. அப்பா நெய்யும் புடவைகளுக்கு பார்டர் டிசைனை லேப்டாப்பில் கட்டம் கட்டமாக வரைந்து தரவேண்டும். போன வருஷம் அதில் ஒரு கூத்து பண்ணினேன். அதுதான் இந்தப் பதிவு.

என் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு. அதில் மென்பொருள் நிறுவ ஸ்நாப் என்று ஒரு வழி. ஒவ்வொரு மென்பொருளும் நான்கு சேனல்களில் வரலாம். ஸ்டேபிள் என்றால் நம்பிப் பயன்படுத்தலாம். கேண்டிடேட் வெளியீட்டுக்குக் கிட்டத்தட்ட தயார். பீட்டா இன்னும் முடியாதது. எட்ஜில் நேற்று எழுதிய நிரல்கூட இருக்கும். டெர்மினலில் 'ஸ்நாப் இன்ஃபோ' என்று மென்பொருளின் பெயரோடு தட்டினால், ஸ்டேபிள் மேலே, எட்ஜ் கீழே என்று வரிசையாக வரும். எதிரே பதிப்பு எண், தேதி, அளவு. சில வரிகளில் இது எதுவும் இருக்காது. வெறும் ↑ மட்டும்.

நான் வரைய வைத்திருந்த மென்பொருளுக்கு பீட்டா வரியில் ↑ இருந்தது. மேலே அம்பு என்றால் புதுசுதானே? உடனே பீட்டாவுக்கு மாறினேன். அதே பழைய பதிப்பே இருந்தது. சரி போகட்டும் என்று மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து பீட்டாவில் நிஜமாகவே புதுப்பதிப்பு வந்தது. ஸ்நாப் வழக்கமாக ஒரு நாளைக்கு 4 முறை தானே புதுப்பிப்பு தேடும். என்னைக் கேட்காமல் இறக்கிவிட்டது. அதில் டிசைனைச் சேமித்தேன். மென்பொருள் தகராறு செய்யவே ஸ்டேபிளுக்குத் திரும்பினேன். கோப்பு திறக்கவில்லை! மறுநாள் காலை அட்டை அடிப்பவரிடம் டிசைன் போயாக வேண்டும். தறி சும்மா நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. விடிய விடிய மறுபடி வரைந்தேன்.

↑ என்றால் 'இந்தச் சேனல் மூடியிருக்கிறது, மேல் வரியில் இருப்பதே இங்கேயும் கிடைக்கும்' என்று அர்த்தம். மேலேயும் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சின்னக் கோடு வரும். நான் மாறியபோது, சேனல் மூடியிருக்கிறது, தற்காலிகமாக ஸ்டேபிளிலிருந்து தருகிறோம் என்று ஒரு வரியும் வந்திருந்தது. படிக்காதது என் தப்பு.

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "அட்டையில ஓட்டை இல்லாத எடம் சும்மா கெடக்குதுன்னு நெனச்சியா? ஓட்டை இருந்தா பாவு இழை மேல போவும், இல்லன்னா கீழ நிக்கும். ரெண்டும் தறிக்குச் சொல்ற சேதிதான்டா."

இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வெறுமையில் இரண்டு வகை இருக்கிறது, அம்பும் கோடும் அதைப் பிரித்துக் காட்டுகின்றன. நல்ல யோசனை. ஆனால் அம்பு இன்றைய நிலையைத்தான் சொல்கிறது. படிப்பவனுக்குத் தெரியவேண்டியது நாளைக்கு அவன் கணினிக்கு என்ன வரும் என்பது. நான் எழுதினால் "↑ இப்போதைக்கு ஸ்டேபிள்" என்று போடுவேன். டெர்மினலின் வழக்கமான 80 பத்திகள், 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் அகலம். அந்த ஒரு வார்த்தைக்கு அதில் இடம் இருக்கிறது.

நீங்களும் ஒருமுறை 'ஸ்நாப் லிஸ்ட்' தட்டி, டிராக்கிங் என்ற பத்தியைப் பார்த்துவிடுங்கள். எந்தச் சேனலில் நிற்கிறோம் என்பதை மறந்திருப்பது நான் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன் :-)