மெழுகிட்ட பட்டிழை

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில், மீனைப் பற்றிய தூண்டில் போல விசைத்து மேலெழும் என்று அவர் சொன்ன உவமையே அவருக்குப் பெயராயிற்று; மீனெறி தூண்டிலார் என வழங்கப்படுகிறார். அப்பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவரும் நாம், நாற்பத்து நான்கு அகவை வரை ஒரு தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. கடலோர ஊரிற் பிறந்தவர் இவ்வாறு கூறுவது நகைப்புக்குரியதே, ஆயினும் உண்மை.

2023ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழும் லாத்தாவின் இல்லத்தில் தங்கியிருந்தோம். மச்சான் மருத்துவமனைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் நமக்குப் பொழுது போவது அரிதாயிருந்தது. அடுத்த வீட்டுப் பெரியவர், கம்பளி ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், வேலிக்கு அப்பாலிருந்து ஒருநாள் அழைத்தார். அவர் மேசையின் ஓரத்தில் சிறு வைஸ் ஒன்று திருகிப் பொருத்தப்பட்டிருந்தது. அதன் வாயில் நெல்மணியினும் சற்றே நீண்ட தூண்டில் முள். அதன்மேல் பட்டிழையும் ஓர் இறகும் கொண்டு அவர் பொய் ஈ ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஈ, ட்ரவுட் எனும் குளிர்நீர் மீனுக்கு உரியது. ஆங்கிலேயர் அம்மீனை நம் நீலகிரிக்கும் கொணர்ந்தனர். அவலாஞ்சியில் 1907இல் அதற்கொரு பொரிப்பகம் அமைத்தனர். அம்மீன் உண்ணும் பூச்சிகள் பல, நீரடியில் இளம்பருவத்தைக் கழித்து, பின்னர் மேலெழுந்து, தோலுரித்துச் சிறகு பெறுவன. அவ்வாறு மேலெழும் வேளையில் அவை எளிய இரையாகின்றன. சேவலின் விறைத்த கழுத்திறகைச் சுற்றினால் பொய் ஈ நீர்மேல் மிதக்கும். கவுதாரி, பெட்டைக்கோழி இவற்றின் மென்மையான இறகைச் சுற்றினாலோ அது நீருள் மூழ்கி, ஓட்டத்தில் ஒடுங்கியும் விரிந்தும் உயிருள்ளது போல அசையும். சங்க நூல்கள் தூவி என்னும் சொல்லால் குறிக்கும் மென்மையை, வகுப்பில் பலமுறை பொருள் கூறியும், அன்றுதான் விரல் நுனியால் உணர்ந்தோம்.

ஸ்காட்லாந்தின் எல்லைப்புற ஆறுகளில் மீன்பிடித்த டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஈக்களைப் போற்றினார். யார்க்ஷயர் ஈக்களை டி. ஈ. பிரிட் 1885இல் தொகுத்தளித்தார். பின்னாளில் மங்கிய இக்கலையை 1975இல் சில்வெஸ்டர் நீம்ஸ் என்னும் அமெரிக்கர் தம் நூலால் மீண்டும் பேசவைத்தார். பெரியவரோ இவற்றில் எதையும் படித்துக் கற்றவர் அல்லர். தம் மாமனிடம் கற்றவர்.

நமக்கு அவர் தந்த முதற்பாடம், செம்மஞ்சட் பட்டும் கவுதாரி இறகும் மட்டுமே கொண்ட ஈ. உறுப்புகள் இரண்டேயாதலின் எளிதென எண்ணினோம். முள்ளின் கண்ணருகே தொடங்கி இழையை இடைவெளியின்றி ஒருசீராகச் சுற்றிச் செல்லவேண்டும். பின் தலைக்கு மீளவேண்டும். இறகின் அடிப்பஞ்சை நீக்கி, தலையில் கட்டி, இரண்டே சுற்று. அவ்வளவே. நாம் ஐந்து சுற்றுச் சுற்றினோம். பாத்திரம் கழுவும் தூரிகை போன்ற ஒன்று உருவாயிற்று. பெரியவர் ஏதும் பேசாது பிளேடால் அதை அறுத்தெறிந்து, வெறும் முள்ளை மீண்டும் வைஸில் பொருத்தினார். நம் மாணவர் கட்டுரைகளைச் சிவப்பு மையால் நிரப்பும் வழக்கம் நமக்கு உண்டு. இவருடைய முறை அதனினும் கடுமையானது, ஆனால் விரைவானது.

மூன்று நாள் இவ்வாறு கழிந்தது. இழை அறுந்தவண்ணம் இருந்தது. நான்காம் நாள் அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தேன்மெழுகுக் கட்டியை எடுத்து நம் பக்கம் தள்ளினார். அதன் மணம் மூக்கை எட்டியதும் நம் கை தானாக இயங்கிற்று. கட்டியின் விளிம்பில் இழையை வைத்து, பெருவிரலால் அழுத்தி, ஒரே இழுப்பில் இழுத்தோம். மீண்டும் ஒருமுறை.

"யாரிடம் கற்றாய்?" என்றார்.

யாரிடமும் கற்கவில்லை. பார்த்திருந்தோம். நம் வாப்பா தையற்காரர். காஜா எடுப்பதற்கும் பொத்தான் தைப்பதற்கும் உரிய நூலை இவ்வாறுதான் மெழுகில் இழுப்பார். நாம் ஊசியைத் தொட்டால், "உன் கை பேனாவுக்கு" என்று தட்டிவிடுவார். நாமும் மகிழ்ந்தே விலகினோம். விலகியதோடு நின்றோமா? கல்லூரியிற் சேர்ந்த நாளில், தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் 'வணிகம்' என்று எழுதினோம். அப்படிவத்தில் கையொப்பமிட்டவர் வாப்பாதான். படித்தார்; ஒன்றும் சொல்லவில்லை. 2009இல் அவர் மறையும் வரை அதைப்பற்றிப் பேச்சு எழவேயில்லை.

"என் தந்தை தையற்காரர்" என்று அப்பெரியவரிடம் சொன்னோம். அயலார் ஒருவரிடம் அவ்வாறு சொன்னது அதுவே முதன்முறை.

"அப்படியானால் உனக்கு ஏன் மூன்று நாள் பிடித்தது?" என்றார் அவர்.

மெழுகிட்ட இழை அதன்பின் அறவில்லை. மெழுகும் ஈரமும் சேர்ந்தால் அச்செம்மஞ்சள் பட்டு இருண்டு, பூச்சியின் உடல் நிறம் கொள்கிறது. இறுதி முடிச்சு தனிக்கலை: இழையை அதன் முனைமீதே சில சுற்றுச் சுற்றி, முனையை உள்ளிழுத்து மறைப்பது. நம் ஈ ஒன்றை இரவு குவளை நீரில் இட்டு அசைத்துப் பார்த்தோம். லாத்தா சமையலறை வாயிலில் நின்று, "பிள்ளைகளைவிட மோசமா இருக்கியே தம்பி" என்றார்.

பிறகு வார்ஃப் ஆற்றுக்கு அழைத்துச் சென்றார் பெரியவர். அந்நாட்டில் பதின்மூன்று அகவை நிறைந்த எவரும் உரிமம் பெறாது தூண்டில் இடலாகாது. ஒருநாள் உரிமம் வாங்கினோம். மீன் சிக்கியதா எனில், இல்லை. ஒருமுறை இழை சட்டென இழுபட்டு விட்டது, அவ்வளவே. பெரியவர் பிடித்த மூன்றையும் உடனே நீரில் விட்டுவிட்டார். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்னரே நசுக்கியிருந்ததால் காயம் சிறிதே. உண்ணாத மீனைப் பிடித்து விடுவதில் நமக்கு இன்றும் முழு உடன்பாடு இல்லை. அவரிடமும் அதைச் சொன்னோம். "ஈயைக் கட்டு, ஆற்றுக்கு வராதே" என்றார்.

ஊருக்கு ஓர் ஈயைக் கொணர்ந்து உம்மாவிடம் காட்டினோம். கண்ணாடி அணிந்து சன்னலருகே சென்று நெடுநேரம் பார்த்தார்கள். நகத்தால் இழையை நெருடினார்கள்.

"மெழுகு போட்டியா?"

"போட்டேன், உம்மா."

உம்மா அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார்கள். உள்ளே வாப்பாவின் மெழுகுக்கட்டி. நூல் ஓடிய பள்ளங்கள் நான்கைந்து அதில் இருந்தன. ஒன்றில் நீலநூலின் பிசிறு ஒட்டியிருந்தது. பள்ளிச் சீருடை தைத்த நூல்.