வரிசையில் நிற்கும் பிள்ளைகள்

மல்லர் கம்பத்தின் உச்சியில் ஒரு பாலகன் தலைகீழாகத் தொங்குவதைக் கண்டு ஆச்சரியப்படுகிறவர்கள், விழுப்புரத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, கம்பத்தடியில் தங்கள் முறைக்காக நிற்கும் மற்றப் பிள்ளைகளையும் சற்றே கவனித்தார்களானால், ஆசிரியருடைய பிரயாசை முழுவதும் எங்கே செலவாகிறது என்பதை அறிந்துகொள்வார்கள்.

தேக்கில் கடைந்து, அடி பருத்து நுனி சிறுத்து, உச்சியில் குமிழ் வைத்து நாட்டிய அந்தக் கம்பம் தரைக்கு மேல் ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரம் இருக்கும். தோல் உராய்ந்து புண்ணாகாதபடி அதற்கு விளக்கெண்ணெய் பூசியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில், பாலம்பட்ட தாதா தேவ்தர் இந்த அப்பியாசத்துக்குப் புத்துயிர் அளித்தபோது அது மற்போர் செய்வோருக்கான தேகப்பயிற்சியாகவே இருந்தது. முதிர்ந்த மல்லனுக்குக் காத்து நிற்கத் தெரியும். ஆறு வயதுக் குழந்தைக்கு அது தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. (ரேஷன் கடை வரிசையில் நாம் காட்டும் பொறுமை மட்டும் என்ன லட்சணம்?)

நான் போயிருந்த அன்று குழந்தைகள் இருபதுக்கு மேல். பெரிய கம்பமோ ஒன்றுதான். ஒரு பையன் கால்விரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். ஒருத்தி முன்னால் நின்றவளின் பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். இன்னொருவன் எறும்புச் சாரையைத் தொடர்ந்து போய் வரிசையை விட்டே விலகிவிட்டான். "அங்க என்னடா வேடிக்கை?" என்று மதிலோரத்திலிருந்து அவன் தாயார் கூவவே, கம்பத்தின்மேல் இருந்த வேறொரு பிள்ளை திரும்பிப் பார்த்துப் பிடி நழுவி மெத்தையில் விழுந்தது. பெற்றோரைத் தூரத்தில் உட்காரவைத்திருந்ததன் காரணம் அப்போது எனக்கு விளங்கிற்று. அந்தத் தூரமும் போதவில்லை.

மாஸ்டர் அதட்டவில்லை. எறும்புக்காரனைக் கம்பத்தடிக்கு அழைத்து, "கண்ணு, மேல இருக்கறவன் எத்தனை வரைக்கும் தாக்குப்பிடிக்கிறான்னு சத்தமா எண்ணு, பாக்கலாம்" என்றார். எண்ணுகிறவன் மேலே பார்த்தே தீரவேண்டும். பார்க்கிறவனுக்குத் தொடையும் முழங்காலும் கம்பத்தை எப்படிக் கவ்வுகின்றன என்பது யாரும் சொல்லாமலே மனத்தில் பதிந்துவிடுகிறது. வரிசையின் பின்பாதியைத் தண்டாலுக்கும் பஸ்கிக்கும் அனுப்பினார். அதிகத் துறுதுறுப்பாக இருந்தவன் கையில் பிள்ளைகளின் உள்ளங்கை வியர்வையைத் துடைக்கும் துணியைக் கொடுத்தார். அந்த உத்தியோகம் கிடைத்த கணத்திலிருந்து அவன் நகரவேயில்லை.

எறும்புக்காரன் முறை வந்தது. தரையில் அரை நிமிஷம் நிலைகொள்ளாத அந்தச் சிறுவன், கம்பத்தைத் தொடையால் பற்றித் தலைகீழாகத் தொங்கியபோது, அவன் கண்கள் இப்புறம் அப்புறம் அசையவில்லை. கவனம் பிசகினால் விழுவோம் என்பதை அவனுக்கு யாரும் உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் அவன் தாயார் மாஸ்டரிடம் வந்து, "இவனுக்கு எதுலயுமே கவனம் இல்லைங்க மாஸ்டர்" என்று குறைப்பட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, இன்னொரு கம்பம் நாட்ட வேண்டும், தேக்கு விற்கிற விலையில் அது இந்த வருஷம் ஆகுமோ என்னவோ என்று வேறு பேச்சைத் தொடங்கினார். அவளுக்கு அது சம்பந்தமில்லாத பேச்சாகப் பட்டிருக்கலாம். எனக்கோ அவள் குறைக்கு நேரான பதிலாகவே பட்டது.