சக்கரத்தில் நிற்கும்போதே ஒட்டு

வயதானவனிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் கல்யாணம், காணி, பிள்ளையின் படிப்பு என்றுதான் வருவார்கள். கந்தப்பளையில் என்னைத் தேடி வரும் இளந்தாரிகள் காரைப் பற்றிக் கேட்கிறார்கள். அதற்குப் பாதிக் காரணம் ஏப்ரல் மாதம். நுவரெலியாவில் வசந்தகாலம் களைகட்டினால் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும் வந்துவிடும். 1934இல் தொடங்கிய போட்டி அது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் பாதையில் கார்கள் ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடு மோதும். மினியும் ஃபோர்ட் லேசரும் உறுமிக்கொண்டு வளைவில் திரும்புவதைப் பார்த்த பையனுக்கு அன்றிரவு தூக்கம் வராது.

மற்றப் பாதிக் காரணம் நாட்டின் நிலைமை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஐந்து வருடம், பழைய காரை விட்டால் வேறு கார் இல்லை என்று ஆனது. ஆகவே எல்லாரும் பழையதைப் பலப்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். அப்படித்தான் இந்தக் கேள்வியும் வருகிறது: “தாத்தா, அடியில ரெண்டு குழாய் வச்சு ஒட்டினா வளைவில காரு முறுகாதாமே?”

முறுகல் குறையும், உண்மைதான். ஆனால் எந்தக் காரில், எங்கே, எந்த நிலையில் வைத்து ஒட்டுவது, அதாவது வெல்டிங் வைப்பது, என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

லொறிக்கு அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் கனத்த செசி உண்டு. பெரும்பாலான கார்களுக்கு அது கிடையாது. தரை, கூரை, கதவுக்குக் கீழே ஓடும் சில், எல்லாம் சேர்ந்த தகட்டு உடம்புதான் பாரத்தைத் தாங்குகிறது. அமெரிக்காவில் 1964இல் வந்த ஃபோர்ட் மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சினைத் தாங்கும் முன்சட்டம் முன்னிருக்கைக்குக் கீழே முடிந்துவிடும். பின்சட்டம் பின்னிருக்கைக்குக் கீழே தொடங்கும். நடுவில் இருப்பது தகட்டுத் தரையும் சில்லும் மட்டும். இஞ்சினின் பலத்தைக் கூட்டி, அகலமான டயரும் போட்டு வேகமாகத் திருப்பினால் அந்த நடுப்பகுதி முறுகும். அதற்காகத்தான் முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இணைக்கும் குழாய்கள் அங்கே வழக்கத்துக்கு வந்தன. அடுத்து வந்த ஷெவர்லே கமாரோவுக்கும் அதே வைத்தியம்தான்.

முறுகினால் என்ன கெட்டுவிடும்? உடம்பே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். சக்கரத்து ஸ்பிரிங்குக்கு ஷொக் இருக்கிறது, உடம்புக்கு இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஷொக் செய்ய வேண்டிய வேலையைத் தகடு எடுத்துக்கொள்ளும். சக்கரம் சாலையில் நிற்க வேண்டிய கோணம் மாறும். ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங்கில் கிடைக்கும் செய்தி பிந்தி வரும்.

முன்பு தேயிலை ஏற்றுமதிக்குப் போன பலகைப் பெட்டியைக் கண்டவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மூடி அடிக்காத பெட்டியை இரண்டு மூலையில் பிடித்துத் திருகினால் கோணிக்கொள்ளும். மூடியை அடித்துத் தகர ஓரத்தையும் சுற்றிவிட்டால் அதே பலகைதான், ஆனால் அசையாது. பலம் பலகையின் தடிப்பில் மட்டும் இல்லை. எல்லாப் பக்கமும் மூடியிருப்பதிலும் இருக்கிறது. அதனால்தான் கூரையைத் திறக்கும் மொரிஸ் மைனருக்குக் கூரையுள்ள மைனரை விட அடியில் கூடுதல் பலம் வைத்தே தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள்.

இனி நம்ம ஊர்ப் பையன்களின் ஆசை நாயகன் மினி. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்தது. மொன்டே கார்லோ ரேலியை 1964, 1965, 1967 ஆண்டுகளில் வென்றது. இதில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு சப்ஃபிரேம்கள் உடம்போடு போல்ட்டில் பூட்டப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது தரையும் சில்லும். பின் சப்ஃபிரேமும் சில்லும் துருப்பிடிப்பதில் பேர் போனவை. ஆறாயிரம் அடிக்கு மேலே, வருடத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கிற கந்தப்பளையில் கேட்க வேண்டுமா? ஆகவே மினி வைத்திருக்கிறவனுக்கு முதலில் வேண்டியது துருவில்லாத சில். பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை மூடி, பெயின்ட் அடித்து விற்ற கார்கள் நிறைய உண்டு. அதில் போய்க் குழாயை ஒட்டினால் நல்ல இரும்பைத் துருவோடு ஒட்டியதாகத்தான் முடியும். அடியில் படுத்து, சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், உக்கினது பேசாது.

இணைப்பைத் தெரிவு செய்வதில் இரண்டு வழி. போல்ட்டில் பூட்டுவதைப் பிறகு கழற்றலாம். ஆனால் குலுங்கும் பாதையில் துளை மெல்ல அகன்று, பிடி தளரும். ஒட்டுவது உறுதி, இரண்டு முனையில் மட்டும் ஒட்டாமல் தரையோடு வழிநெடுக ஒட்டினால் இன்னும் உறுதி. இரண்டு அங்குலச் சதுரக் குழாய், சுவர் சுமார் இரண்டு மில்லிமீற்றர், பல கார்களுக்குப் போதும். தடிப்புக் கூடக் கூடப் பாரமும் கூடும். மலை ஏறும் காருக்குப் பாரமே எதிரி. தரைக்குக் கீழே அதிகம் தொங்கினால் தோட்டத்துக் கல்பாதையில் முதல் கல்லே அதைப் பதம் பார்க்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று நாகம் பூசிய தண்ணிக் குழாயை எடுக்காதீர்கள்; ஒட்டும்போது வரும் புகை ஆளைக் காய்ச்சலில் போடும்.

இப்போது ஒட்டும் வேலை. சீட்டையும் கம்பளத்தையும் கழற்று. பற்றரி வயரை எடு. பெற்றோல் குழாயும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து விலக்கு. டேங்குக்குப் பக்கத்தில் வேலை என்றால் டேங்கை வெளியே எடுத்துவிட்டு, அதன் பாரத்துக்கு ஏதாவது வை. தீயணைப்பானோடு ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். இவை எல்லாம் எந்த நல்ல வெல்டிங் பாஸுக்கும் தெரியும். பலர் தவற விடுவது இன்னொன்று: கார் தன் நாலு சக்கரத்தில், தன் பாரத்தோடு, சமதரையில் நிற்க வேண்டும். அடியில் புக இடம் வேண்டுமென்றால் நாலு சக்கரத்தையும் ஒரே உயரத்தில் மேடையேற்று.

உடம்பின் நடுவில் ஜெக் வைத்துத் தூக்கினால் வேலைக்குச் சுகம். ஆனால் தூக்கிய காரின் இரு முனையும் மெல்லத் தொங்கும். கதவு இடைவெளி ஒரு நூல் அளவு மாறும், கண்ணுக்குத் தெரியாது. அந்த நிலையில் ஒட்டினால் அந்தக் கோணலையே நிரந்தரமாக்கிவிடுவோம். கீழே இறக்கினால் கதவு சிக்கும். இணைப்பு எவ்வளவு பலமோ அவ்வளவுக்குக் கோணலும் பலமாகிவிடும். ஒட்டும்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகாமல், இடமும் வலமும் மாறி மாறிச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும்.

இதைக் கராஜோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. நம் குடும்பங்கள் கோணிப் போனதில் பாதி, தூக்கிய நிலையில் ஒட்டுப் போட்டதால் வந்தது என்பது என் எண்ணம்.

தீபாவளி வருகிறது. தோட்டத்தில் முற்பணம் கொடுக்கிறார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் பையன் புதுச் சட்டையோடு வீட்டுக்கு வருகிறான். அந்த மூன்று நாளும் யாருக்கும் பாரம் இல்லை. அண்ணன் தம்பி தோளில் கை போட்டுக்கொள்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில்தான் பேச்சு எழும்: சேர்ந்து கட்டுவோம் வீட்டை, எடுப்போம் ஓட்டோவைத் தவணைக்கு, பேசி முடிப்போம் தங்கச்சிக்கு. எல்லாம் நல்ல எண்ணம். ஒன்றிலும் வஞ்சகம் இல்லை. ஆனால் முற்பணம் அடுத்தடுத்த சம்பளத்தில் கழிந்துகொண்டே வரும். தை, மாசியில் பனி கொட்டிக் கொழுந்து கருகும். நிறை சேராமல் அரைப் பேர் விழும், அதாவது அரைநாள் சம்பளம்தான். அப்போது காரைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு கதவும் சரியாக மூடாது. “நீதானே சொன்னாய்” என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவு கிடையாது.

சேர்ந்து கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னுக்கு இழுக்கிற பிள்ளையும் பின்னால் நிற்கிற பெற்றோரும் இணைந்திருந்தால்தான் நடுவில் உள்ள குடும்பம் முறுகாது. ஆனால் கணக்கை அரைப் பேர் விழும் மாதத்தில் போடுங்கள். யார் எவ்வளவு தாங்குவான் என்று அவரவர் பாரத்தோடு நிற்கும்போது பாருங்கள். மாப்பிள்ளை பார்ப்பதானாலும் அப்படித்தான். பண்டிகை வீட்டில் பார்த்த முகத்தோடு, வேலை முடிந்து களைத்து வரும் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். அந்த நிலையிலும் கதவு ஒழுங்காகத் திறந்து மூடினால் தைரியமாக ஒட்டலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் இடத்தைப் பலப்படுத்தினால் முறுகல் அந்த இடத்தை விட்டு, பலம் முடிகிற ஓரத்துக்குப் போகும். ஒரு மில்லிமீற்றர் தரைத் தகட்டில் தடித்த குழாயை நேரே ஒட்டினால், ஒட்டு நிற்கும்; பக்கத்துத் தகடு கிழியும். அதனால்தான் முனையில் அகலமான பிளேட் வைத்துப் பாரத்தைப் பரப்புகிறார்கள். ஒட்டிய இடத்துக்குப் பிரைமரும் அடிப்பெயின்டும் பூசி, சில மாதம் ஓடிய பிறகு மறுபடி அடியில் படுத்து ஓரங்களைப் பார்க்கிறார்கள்.

குடும்பத்தில் மூத்த மகனை மட்டும் பலப்படுத்தி எல்லாப் பாரத்தையும் அவன் வழியே விட்டவர்கள் இந்த இரண்டாவது பார்வையை மறந்துவிடுகிறார்கள். அவன் நிற்பான். அவனுக்குப் பக்கத்தில் இருக்கிற மெல்லிய தகடு யார் என்று கேளுங்கள்: அவன் மனைவியா, படிப்பை விட்ட தங்கச்சியா? பணம் அனுப்பியதும், வீட்டைக் கட்டிக் கொடுத்ததும், கல்யாணத்தை நடத்தியதும் வேலையின் முடிவு அல்ல. சில மாதம் கழித்து ஒரு சாதாரணக் கிழமை நாளில் போய், உட்கார்ந்து, அந்த ஓரத்தில் இருப்பவரிடம் எப்படி இருக்கிறாய் என்று விசாரியுங்கள். வெடிப்பு மயிரிழையாக இருக்கும்போது ஒரு சின்னப் பிளேட் போதும்.