விளக்கு அணைந்த அறை

கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’, கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வந்தது. தொடர்கதைக்கு உயிர் கொடுப்பது ‘அடுத்து என்ன?’ என்ற ஆவல். முடிவு தெரிந்துவிட்டால் அந்த ஆவல் அடங்கிவிட வேண்டும். ஆனால் இந்த நாவலின் ஐந்து பாகங்களையும் படித்து முடித்தவர்கள் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் முதல் பாகத்தை எடுக்கிறார்கள். வந்தியத்தேவன் பிழைத்துக்கொள்வான், அருள்மொழி மகுடத்தை விட்டுக்கொடுப்பான் என்பதெல்லாம் தெரிந்தும் எடுக்கிறார்கள். இந்தப் பழக்கத்தின் ஊற்றுக்கண் எது என்று தேடத் தொடங்கியபோது நடை, பாத்திரங்கள், சோழர் பெருமை என்றுதான் நானும் எண்ணினேன். தேடல் கொண்டுபோய் நிறுத்திய இடம் வேறு. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய ஒரு நிலக் கணக்கு அது.

அதற்கு முன் வழக்கமான பதில்களைப் பார்த்துவிடலாம். மணியம் வரைந்த ஓவியங்களும், வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பெரியவர்களின் நினைவும்தான் திரும்பப் படிக்க வைக்கின்றன என்பார்கள். அந்தத் தலைமுறைக்கு இது பொருந்தும். ஆனால் 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் மலிவுப் பதிப்புகள் குவிந்தன. படமே இல்லாத பதிப்பில், பைண்டு வாசனையே அறியாமல் படித்தவர்களும் திரும்பிப் போகிறார்களே! 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது அரங்குகளுக்கு வெளியே நடந்த வாதங்களில் பெரும்பகுதி நாவலைப் பற்றியது. பழைய நினைவு மட்டும் இவ்வளவு வேலை செய்யாது.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. நான் சொன்ன நிலக் கணக்கு அங்குள்ள ஒரு கல்வெட்டு; அது முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதை ஒரு கொலை வழக்கின் தீர்ப்பு என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் அது ஒருவர் நிலம் வாங்கி அறத்துக்கு விட்ட செய்தி. அந்த நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது என்று சொல்லும் இடத்தில்தான் கொலை தலைகாட்டுகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரது, அவர்களின் உறவினரது உடைமைகளைக் கைப்பற்றி விற்குமாறு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஓலை அனுப்புகிறான். யார் தூண்டினார்கள், ஏன் கொன்றார்கள், எங்கே நடந்தது என்பதற்கெல்லாம் ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கரிகாலன், அதாவது இளவரசன் ஆதித்த கரிகாலன், இறந்தது 969 வாக்கில். இராசராசன் அரியணை ஏறியது 985இல். நடுவில் உத்தம சோழன் ஆட்சி செய்தான். அந்த ஆண்டுகளில் குற்றவாளிகள்மீது நடவடிக்கை எடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடோ ஆதித்தன் விண்ணுலகம் போனான் என்று கவிதையாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. இந்த மௌனத்தை வைத்து வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்.

கல்வெட்டில் வரும் இரண்டு பட்டங்களைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்று பட்டம். பரமேசுவரனுக்கு இருமுடிசோழ பிரமாதிராசன். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். இருமுடிசோழன் என்பதில் சோழ அரண்மனையின் வாடை அடிக்கிறது. பகைவனின் ஆட்களா, வீட்டுக்குள் இருந்த அதிகாரிகளா? ஒரே கல் இரண்டு பக்கமும் கைகாட்டுகிறது. கல்கி இரண்டையும் எடுத்துக்கொண்டார். இரவிதாசன் கூட்டத்தைப் பாண்டியனின் ஆபத்துதவிகளாக்கிக் காட்டில் உலவவிட்டார்; அரண்மனைக்குள் பழுவேட்டரையர்களும் சம்புவரையரும் மதுராந்தகனுக்காகக் கூடிப் பேசும் சதியை வைத்தார். நடுவில், சாசனம் எதிலும் இல்லாத நந்தினியை நிறுத்தினார். பிறகு கடம்பூர் மாளிகையில் அந்த இரவு. அறையில் கரிகாலன் இருக்கிறான், நந்தினி இருக்கிறாள், வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், காளாமுகர் வேடத்தில் பெரிய பழுவேட்டரையர் வருகிறார், வெளியே சதிகாரர்கள் காத்திருக்கிறார்கள். இருட்டு சூழ்கிறது. வெளிச்சம் வரும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். இதற்குப் பிறகும் நாவல் நெடுந்தூரம் ஓடுகிறது. வந்தியத்தேவன் பழி சுமக்கிறான், பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மேல் ஏற்கிறார். ஆனாலும் படிப்பவர் மனம் அந்தக் கூற்றோடு சமாதானம் ஆவதில்லை. சாசனம் விட்ட வெற்றிடத்தைக் கல்கி பொய்யால் அடைக்கவில்லை. அதைச் சுற்றி ஓர் அறை கட்டி விளக்கை அணைத்தார். மறுவாசிப்பின் வேர் இங்கேதான் என்பது என் துணிபு. முதல்முறை கதை கேட்கப் போனவர், இரண்டாம் முறை வழக்கை விசாரிக்கப் போகிறார்.

உடனே ஒரு மறுப்பு எழும்: இதைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்கு உடையார்குடிக் கல்வெட்டு தெரியும்? தெரிய வேண்டியதே இல்லை. கல்வெட்டின் மௌனம் நாவலுக்குள்ளேயே வந்துவிட்டது. இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. மக்கள் திரும்பிப் போவது கொலைக்காக அல்ல, வந்தியத்தேவனின் குறும்புக்காகவும் குந்தவையின் அறிவுக்காகவும் பூங்குழலியின் படகுக்காகவும்தான் என்பார்கள். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். வந்தியத்தேவன் வாய் திறந்தாலே பக்கம் ஒளிபெறுகிறது. அந்த இன்பம் எந்தச் சதியையும் நம்பி இல்லை. ஆனால் அவனும் அதே வகை வெற்றிடத்திலிருந்து வந்தவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையைக் குறிக்கும்போது வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வருகிறது. அவன் இளமையைப் பற்றி அந்தக் கல் பேசுவதில்லை. போர்களையும் கொடைகளையும் கல்லில் வெட்டி வைத்துவிட்ட அரசர்களை இப்படி விருப்பம்போல் ஓடவிட முடியுமா? புதிர் மூடிவிட்டால் மறுவாசிப்பின் ஆவல் குறையும் என்பதற்குக் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ சான்று. அதில் சிவனடியார் யார் என்பதுதான் முடிச்சு. அவர் நரசிம்மவர்மர் என்று தெரிந்தபின் அந்த முடிச்சை மறுபடி போட முடியாது. அருமையான நாவல்தான், ஆனால் அதன் புதிருக்கு ஒரே ஒரு சாவி, அது முதல் வாசிப்பிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

பின்னால் வந்த எழுத்தாளர்கள் செய்ததும் என் பக்கமே பேசுகிறது. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ குந்தவையின் பக்கமே ஐயத்தைத் திருப்பியது. கேள்வி மூடப்பட்டிருந்தால் அவர்களுக்கு அங்கே இடம் இருந்திருக்காது. கல்கியே முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பிற்கால நிலையைச் சொல்ல வேண்டியிருந்தது. வாசகர்களுக்கு மனம் ஆறவில்லை என்பதை அவர் உணர்ந்தே இருந்தார்.

இந்தத் தேடலில் என்னை மிகவும் நெகிழவைத்தது ஊர்தான். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டு சொல்வது இன்றைய காட்டுமன்னார்கோயில் வட்டாரம். நாவல் தொடங்குவதும் அங்கேயே. ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக் கரைமேல், வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். சோழநாட்டில் தொடங்க ஆயிரம் இடங்கள் இருந்தும், கொலையின் ஒரே எழுத்துச் சான்று நிற்கும் மண்ணிலேயே கல்கி கதையைத் தொடங்கினார். முதல்முறை படிக்கும்போது அது புதுவெள்ளமும் பாட்டும் கட்டுச்சோறும் நிறைந்த திருவிழா. அடுத்த முறை, அந்தக் குதிரை அன்றிரவே கடம்பூர் மாளிகைக்குப் போகிறது என்பதும், எந்தக் கூடத்தின் மேல்மாடத்திலிருந்து அவன் நடுநிசிக் கூட்டத்தை எட்டிப் பார்க்கப்போகிறான் என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவனோடு ஏரிக்கரையில் போகிறோம்.