உடன் பணியாளர்

செவிலியர் பணி ஒருவரால் மட்டும் நிறைவேறுவதன்று. பகலில் ஒருவர் தொடங்கிய தொண்டை இரவில் மற்றொருவர் தொடர்வார். ஆதலின் ஒருவர் செய்யும் பிழை, மற்றவர் உழைப்பையும் பாழாக்கும்; நோயாளியின் உயிருக்கும் ஊறு விளைக்கும். இவ்வுண்மையைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பட்டறிவால் உணர்ந்தார்.

1854-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், கிரிமியப் போரில் புண்பட்ட வீரரைப் பேணுதற்கு, அவர் 38 மகளிருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். அம்மகளிருள் 24 பேர் சமயத் தொண்டர். எஞ்சிய 14 பேர் ஊதியம் பெற்று மருத்துவமனைகளில் ஊழியம் செய்தவர். அக்கால இங்கிலாந்தில் ஊதியத் தாதியரைக் கல்லாதவர், குடிப்பழக்கம் உடையவர் என்று பலரும் இகழ்ந்தனர். உடன் சென்றவருள் சிலர் அவ்விகழ்ச்சிக்கு ஏற்பவே நடந்தமையால் திருப்பி அனுப்பப்பட்டனர். அன்பு மிக்க தொண்டர் சிலருக்கோ, நோயாளியைப் பேணும் பழக்கம் போதவில்லை. ஆயினும், இகழப்பட்ட அவ்வூதியத் தாதியருள் ஒருவராகிய ராபர்ட்ஸ் என்பவர், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவதில் வல்லவராக விளங்கினார். 1855-ஆம் ஆண்டில் நைட்டிங்கேல் அம்மையார் கொடிய காய்ச்சலுற்றபோது, அருகிருந்து காத்தவரும் அவரே.

குறை ஒழுக்கக் கேட்டால் வருவதும் உண்டு. பயிற்சியின்மையால் வருவதும் உண்டு. முன்னதைப் பொறுத்தல் நோயாளிக்குச் செய்யும் தீங்கு. பின்னதைப் பழித்தல் தோழருக்குச் செய்யும் தீங்கு. பயிற்சியின்மையைப் போக்கும் வழி ஏச்சன்று, கல்வியே. 1860-ஆம் ஆண்டில் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில், அம்மையாரின் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அங்கு மகளிர் ஓராண்டுக் காலம் நோயாளியரின் படுக்கையருகே நின்று தொழில் பயின்றனர்.

உடன் உழைப்பவர் தடுமாறும்போது, ‘இவர் அறியாதவரா, கற்பிக்கப்படாதவரா?’ என்று முதலில் ஆராய்தல் நம் கடனாகும்.