பலமான பக்கத்தைத்தான் சீவோணும்

நாங்கள் செய்த முதல் வில்லு ஏழாவது இழுவையில் முறிந்தது. இரண்டாவது முறியவில்லை, ஆனால் ஒரு பக்கம் மட்டும் முழங்கை மாதிரி மடிந்து போனது. மூன்றாவதுதான் இப்போது நாண் கழற்றிச் சுவரில் தொங்குகிறது. அதுவும் கொஞ்சம் கோணல்தான்.

நாங்கள் நாலு பேர். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டுப் பின்வளவுதான் பட்டறை. எல்லாம் விண்ணில் இருந்துதான் தொடங்கினது. தை பிறந்தால் வல்வெட்டித்துறைப் பக்கம் பட்டங்களோடு சேர்ந்து விண்ணும் கூவும். விண் எண்டது என்ன? வளைத்த ஒரு மெல்லிய தடி, அதன் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டின ஒரு நாடா. காற்றுப் பட்டால் நாடா அதிரும். பார்த்தால் அது ஒரு வில்லுத்தானே. “விண் கட்டத் தெரிஞ்ச எங்களுக்கு வில்லுச் செய்ய ஏலாதோ?” என்று கேட்டவன் எங்களில் ஒருவன். ஏலாது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் விண் ஒருமுறை வளைந்தால் அப்படியே நிற்கும். வில்லை ஒவ்வொரு முறையும் முறியிற எல்லைக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திரும்ப விடவேணும். இந்த வித்தியாசம் எங்களுக்கு வேப்பங்கொப்பு முறிந்த பிறகுதான் விளங்கினது.

நல்ல நேரான கொப்பு என்று வெட்டினோம். நேராக இல்லாத இடங்களை நாலு பக்கமும் சீவி நேராக்கினோம். அதுதான் பிழை. வில்லுக்கு ஒரு முதுகும் ஒரு வயிறும் இருக்கு. இலக்கைப் பார்க்கிற பக்கம் முதுகு, எங்களைப் பார்க்கிற பக்கம் வயிறு. இழுக்கும்போது முதுகு நீட்டப்படுது, வயிறு நசுக்கப்படுது. முதுகில் மரத்தின் நார் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு அறாமல் ஓடவேணும். வடிவுக்காக அதைச் சீவினால், அறுந்த இடத்தில் பிளவு தொடங்கும். நாங்கள் நார் ஓடுற பக்கம் பாராமல், எங்கட கண்ணுக்கு நேராய்த் தெரிஞ்ச பக்கம் சீவியிருக்கிறோம். காணாததுக்குக் கொப்பில் இரண்டு கணு வேறு.

முறிந்த சத்தம் பெரிய சத்தம். அம்மம்மா குசினியில் இருந்து ஓடி வந்தா. எங்கள் நாலு பேரையும் தலை தொடக்கம் கால் வரை பார்த்தா. பிறகுதான் கையில் இருந்த துண்டைப் பார்த்தா.

“உந்த வேலை வேண்டாம் பிள்ளையள். ரோட்டில ஆரும் கண்டால் என்னெண்டு நினைப்பினம்?”

“அம்மம்மா, இது இராமர் காலத்துச் சாமான்” என்று சொல்லி நாங்கள் சிரித்தோம். அவ சிரிக்கவில்லை. அவ கண்ட காலத்தில் பெடியளைப் பார்த்து ‘கையில என்ன?’ என்று கேட்டவர்கள் சிரித்துக் கொண்டு கேட்கவில்லை. அது அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை என்று சொல்ல மாட்டோம். விளங்கினது. எண்டாலும் சிரித்தோம்.

இரண்டாவது வில்லுக்கு மரம் அம்மம்மா வீட்டிலேயே கிடந்தது. பழைய கொட்டிலைப் பிரித்தபோது எடுத்து வைத்த கமுகஞ்சலாகைகள். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஓடாவியாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் வாழ்க்கையில் வில்லுச் செய்ததில்லை. ஆனால் சலாகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வாளால அறுத்ததில்லை, ஆப்பு வைச்சுப் பிளந்தது. நார் முழுசா இருக்கு” என்றார். கமுகில் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே போகப் போகச் சோத்தி. அதனால் வெளிப்பக்கத்தைத் தொடாமல் முதுகாக விட்டு, உள்பக்கத்தை மட்டும் சீவவேணும் என்று முடிவெடுத்தோம்.

இங்கேதான் அடுத்த பிழை. வேலை கெதியாய் முடியட்டும் என்று இரண்டு பேர் மேல்கை, இரண்டு பேர் கீழ்கை என்று பிரித்துக் கொண்டோம். பிரித்தவுடன் அது போட்டியாய் மாறினது. ஆருடைய பக்கம் முதலில் வளையுது பார்ப்போம் என்று கீழ்கைக்காரர் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டித் தள்ளினார்கள்.

மரத்தின் கணக்கு எங்கட கணக்கு மாதிரி இல்லை. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்புப் பாதியாகும். தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். 10 மில்லிமீற்றர் தடிப்பில் 1 மில்லிமீற்றரைச் சுரண்டினால் குறைகிறது 10 வீதம் இல்லை, ஏறத்தாழ 27 வீதம். பிடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டினதில் வில்லு அந்த இடத்தில் மட்டும் மடியத் தொடங்கினது. மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, முழுப் பாரத்தையும் அந்த ஒரு இடமே தாங்கினது.

ஏதாவது வைத்து ஒட்டலாமோ என்று ஓடாவியாரிடம் கேட்டோம். “மெலிஞ்ச பக்கத்துக்குச் சோறு குடுக்க ஏலாது தம்பி. பலமான பக்கத்தைத்தான் சீவோணும்” என்றார்.

அதாவது ஒழுங்காகச் செய்த மேல்கையை, பிழையாகச் செய்த கீழ்கைக்காக மெலிய வைக்கவேணும். மேல்கைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. “நீங்கள் விட்ட பிழைக்கு நாங்கள் ஏன் குறைக்கோணும்?” என்று கேட்டார்கள். வார்த்தை தடித்தது. கடைசியில் குறைத்தோம்தான். வில்லு சின்னப்பிள்ளை விளையாடுகிற அளவுக்கு நொய்ந்து போனது. ஒரு கிழமை ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை.

அந்தக் கிழமை எங்களில் ஒருவன் இஷியைப் பற்றி வாசித்துக் கொண்டிருந்திருக்கிறான். இஷி கலிபோர்னியாவின் யாஹி மக்களில் கடைசி ஆள். தன் சனம் எல்லாம் அழிந்த பிறகு 1911இல் ஒரோவில் என்ற ஊருக்குத் தனியே வந்து சேர்ந்தவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருந்தவர். அங்கே சாக்ஸ்டன் போப் என்ற வைத்தியர் அவரிடம் வில்லுச் செய்யவும் எய்யவும் பழகினார். 1916இல் இஷி காசநோயில் இறந்தார். அவரின் மொழியில் கதைக்க ஒருவரும் மிஞ்சவில்லை, ஆனால் வில்லுச் செய்கிற விதம் மிஞ்சினது. “பக்கத்தில இருந்து பார்க்க ஒராள் இருந்தபடியால்தான்” என்று அவன் எங்கட வட்ஸ்அப் குழுவில் எழுதினான். ஆரும் பதில் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை நாலு பேரும் வளவுக்கு வந்திருந்தோம்.

மூன்றாவதில் பக்கம் பிரிக்கவில்லை. கிணற்றுக் கப்பி ஒன்றை மரத்தின் அடியில் கட்டி, மேலே கொம்பில் வில்லைப் பிடியில் தாங்க வைத்தோம். நாணில் கட்டின கயிற்றைக் கப்பிக்குள்ளால் விட்டு ஒருவர் தள்ளி நின்று இழுக்க, இன்னொருவர் போனில் படம் எடுக்க, மூன்றாமவர் விறைப்பான இடத்தைப் பென்சிலால் அடையாளம் போட, நாலாமவர் அந்த அடையாளம் அழியும் வரை மட்டும் சுரண்டினார். சுரண்டினவுடன் பார்க்கக்கூடாது. 30 தரம் மெதுவாக இழுத்து விட்டால்தான் மரம் புது அளவுக்குப் பழகும், அதற்குப் பிறகுதான் வளைவு உண்மை சொல்லும். ஒவ்வொரு முறையும் ஆட்களை மாற்றினோம். அதனால் எந்தச் சீவல் ஆருடையது என்று இப்போது எங்களுக்கே தெரியாது.

ஐந்து சனிக்கிழமைகள் போனது. ஐந்தரை அடி வில்லு. 24 அங்குலம் இழுத்தபோது தூக்குத் தராசு 10 கிலோ காட்டினது. பெரிய பலமில்லை. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுத்த மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலில் இருந்த வில்லுகளை இழுக்க இதைப்போல நாலு மடங்குக்கு மேல் பலம் தேவை. எங்களுக்கு 10 கிலோ காணும். வைக்கோல் அடைந்த உரப்பையை மதிலோடு சாத்தி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து எய்தோம். முதல் அம்பு மதிலில் பட்டது. ஆறாவது பையில் ஏறினது.

அம்மம்மா கதவடியில் நின்று பார்த்தா. நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. ஓடாவியாருக்குக் காட்டக் கொண்டுபோகப் போகிறோம் என்றபோது உள்ளே போய் ஒரு பழைய சாரத்தைக் கொண்டு வந்தா.

“சுத்திக்கொண்டு போங்கோ.”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நாணைக் கழற்றி, முனை தெரியாமல் சுற்றி, சைக்கிள் பாரில் வைத்துக் கட்டினோம்.

ஓடாவியார் சாரத்தைப் பிரித்தார். நாண் பூட்டச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையில் இருந்து முனை வரை பார்த்தார்.

“மேல்கை இன்னும் கொஞ்சம் இறுக்கம்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடித் துண்டை எங்களிடம் நீட்டினார்.