பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட்டும் வெயிலும்

டேவிஸ் மார்க் 15 போன்ற பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட்டுக்கு (தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணத்தை அளக்கும் கருவி) முதல் எதிரி வெயில். சூடேறினால் சட்டம் லேசாக நெளியும், கண்ணாடிகளின் கோணம் நழுவும். 1 கலை (பாகையில் 60-ல் ஒரு பங்கு) பிசகினால் கடலில் நம் இருப்பிடக் கணக்கு 1,852 மீட்டர் தள்ளிப்போகும். அதனால் நோக்கலுக்கு அரை மணி நேரம் முன்பே கருவியை வெளியே நிழலில் வைத்துவிடுவது நல்லது.

அளவைச் சுழியில் நிறுத்தித் தொடுவானத்தைப் பார்க்கும்போது கோடு படிக்கட்டு போல உடைந்து தெரிந்தால் அதுதான் சுழிப்பிழை. திருகைத் திருகி அதை முழுதாகப் போக்கப் பார்ப்பது வீண்வேலை. ஒவ்வொரு நோக்கலுக்கும் முன்னும் பின்னும் அளந்து, கணக்கில் சரிசெய்துகொண்டால் போதும். கோணத்தை மாற்றும் உருளையை எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பி முடித்தால் பல்லிடைத் தளர்வும் தொல்லை தராது.

கடல் இல்லாத ஊரில் தட்டில் ஊற்றிய கறுத்த எண்ணெயே தொடுவானம். வானத்தில் ஒன்றும் எண்ணெயில் ஒன்றுமாகத் தெரியும் இரண்டு பிம்பங்களுக்கும் நிறக்கண்ணாடி போட்டே சூரியனைப் பார்க்க வேண்டும். கிடைக்கும் கோணம் உயரத்தைப் போல் இருமடங்கு என்பதால், அதில் முதலில் சுழிப்பிழையைத் திருத்தி, பிறகு பாதியாக்க வேண்டும்.